கேஸ் கோகிலா

எங்கள் தோட்டத்தில் ‘கேஸ்’ என்றால் என்ன என்று கேட்டால், கேட்கிற ஆள் எந்த வேலையாக வந்தார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் கிடைக்கும். பொலிசுக்குப் போனால் கேஸ், கோட்டுக்குப் போனாலும் கேஸ். பாம்பு கடித்துக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் கடிபட்டவர் பாம்புக் கேஸ். றப்பர் மலைக்குள் ஒரு பையனும் ஒரு பிள்ளையும் நின்று பேசினால் அது லவ் கேஸ். திருவிழா முடிந்ததும் தலைவர் வீட்டுக்குப் பின்னால் இறங்குவது பியர் கேஸ். போனுக்கு மாட்டுகிற உறையும் கேஸ்தான். அடுப்புக்கு வைக்கும் சிலிண்டரும், நேரங்கெட்ட நேரத்தில் தின்றுவிட்டு வயிற்றில் ஊதுவதும் இங்கிலீஷில் வேறு சொல்லாம், என் மகள் திருத்துகிறாள். எங்கள் வாயில் எல்லாம் ஒன்றுதான். இனி திருந்த மாட்டான் என்று ஊரே கைகழுவிய ஆளைப் பார்த்து ‘அவன் ஒரு கேஸ்’ என்றும் சொல்வோம்.

இத்தனைக்கும் மேலே இன்னொரு அர்த்தம் எங்கள் தோட்டத்தில் மட்டும் உண்டு. ‘கேஸ் வருது’ என்று யாராவது சொன்னால் கோகிலா அக்கா வருகிறாள் என்று பொருள். கேஸ் கோகிலா. அந்தப் பட்டப்பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதை நகை மாதிரி போட்டுக்கொண்டாள்.

நான் விஜயகலா. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அம்மாமார் வேலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அக்காவின் காம்பராவும் என்னுடையதும் ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய அறைகள். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அங்கே அவள் அடுப்பை ஊதினால் இங்கே என் கண் எரியும். ஆகவே அவளைப் பற்றி வேறு எவரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

கோகிலா அக்கா றப்பர் மரத்தில் பால் வெட்டினவள். புருஷன் செத்தபின் ஒரே மகள் சுஜீதாவை அந்தக் கத்தியை வைத்துத்தான் வளர்த்தாள். மரத்தைக் காயப்படுத்தாமல், பட்டையை மட்டும் சீவி எடுக்கும் கை. வாய் அப்படியில்லை. நேராக மரத்துக்குள் இறங்கும். வெட்டின தடத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்கிற பாலை ஒட்டுப்பால் என்போம். அதையும் உரித்துச் சாக்கில் கட்டிப் பால் ஸ்டோரில் கொடுக்க வேண்டும். ஸ்டோருக்குப் பொறுப்பு நாகலிங்கம். வயதில் என்னைவிட மிகப் பெரியவர், மரியாதையாகச் சொல்ல வேண்டும்தான். சொல்ல மாட்டேன். எனக்கு அவன் அவன்தான்.

ஸ்டோரில் நாங்கள் கொடுக்கிற சாக்குக்கும் லொறியில் ஏறுகிற சாக்குக்கும் ஏன் கணக்குப் பொருந்தவில்லை என்று அக்கா ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். கொஞ்ச நாளில் பெரிய ஒபீசிலிருந்தும் அதே கேள்வி வந்தது. உடனே நாகலிங்கம் களவைத் தேடுகிறேன் என்று லயங்களுக்குக் கிளம்பினான். தேடினான் என்றுகூடச் சொல்ல முடியாது. நேராக வந்து, அக்காவின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு சாக்கு ஒட்டுப்பாலை இழுத்து வெளியே போட்டான்.

“உங்களுக்குள்ள முடிச்சுக்கிறீங்களா, பொலிசுக்குக் குடுக்கவா?” என்று ஒபீசில் கேட்டார்கள். தோட்டத் தலைவர் கன்னையா, கோயிலில் முடித்துக்கொள்கிறோம் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மாரியம்மன் முன்னால் வெற்றிலையில் சூடத்தை வைத்துக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள். பொலிசுக்குப் பயப்படாதவனும் இதற்குப் பயப்படுவான். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்து அணைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தோட்டத்தில் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குக் கொடகவெலயில் அம்மா வீட்டில் கிடந்தேன். இருந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது, என் தொண்டை அப்படிப்பட்டது. அக்கா கோயில் வரைக்கும் போயிருக்கிறாள். படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

“இன்னைக்கு என்னால ஏற முடியாதுங்க தலைவரே. அடுத்த வெள்ளிக்கு வச்சுக்குவோம்” என்றாளாம்.

“ஏன் முடியாது?”

அக்கா பதில் சொல்லவில்லை. பெண்களுக்கு ஏன் என்று புரிந்தது. அவள் அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். அந்த நிலையில் அம்மன் படியை மிதிக்கக்கூடாது என்று எங்களை வளர்த்திருக்கிறார்கள், அவளும் அதை நம்புகிறவள். ஆம்பிளைகள் அத்தனை பேர் நடுவே அதை வாய்விட்டுச் சொல்வதற்கும் எங்களை வளர்க்கவில்லை. சொல்லாமல் படி ஏறியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ஆனால் அம்மனை ஏமாற்றி அவள் முன்னாலேயே உண்மை பேசுவது எப்படி என்று அக்காவுக்குத் தெரியவில்லை. காரணம் தெரிந்திருந்த பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நாகலிங்கம் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்திருந்தான். “ஒட்டுப்பாலத் தொட்டது நானில்ல” என்று சொல்லி, சூடத்தை ஒரே அடியில் அணைத்தான். கூட்டம் அக்காவைத் திரும்பிப் பார்த்தது. ஒருவன் சத்தியம் பண்ணிவிட்டான், ஒருத்தி பயந்துவிட்டாள். அவ்வளவுதான் தீர்ப்பு. அடுத்த வெள்ளி அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கையில் சூடத்தோடு போனபோது, “முடிஞ்ச விசயத்தக் கிண்டாத தாயி” என்று கன்னையா கோயில் கதவைச் சாத்தச் சொன்னார்.

அதன்பின் அவளைப் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார்கள். ஸ்டோர் பக்கம் போனால் நாகலிங்கம் சிங்களத்தில் “ஹொரி எனவா!” என்று குரல் கொடுப்பான், ‘கள்ளி வாறா’ என்று. எங்கள் ஆட்களோடு பால் வெட்டுகிற கிராமத்துச் சிங்கள ஆட்களுக்கும் புரியட்டும் என்பதற்காகவே சிங்களம். அவர்களோடு அக்கா வெற்றிலை மாற்றிப் போடுகிற அளவுக்குப் பழக்கம். அந்த வெற்றிலையும் நின்றது. சுஜீதாவுக்கு மாவனல்லை டவுனில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து சம்பந்தம் பேசி, பூ வைக்க நாள் பார்த்திருந்தார்கள். கள்ளி மகள் வேண்டாம் என்று ஆள் சொல்லியனுப்பினார்கள். சுஜீதா அழவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு கார்மென்ட் வேலைக்குப் போனவள், தீபாவளிக்குக்கூடத் தோட்டத்துக்கு வருவதில்லை.

“அவன் வாயாலதான் சொல்லணும் விஜி. அதே கோயில்ல, அதே சூடத்து முன்னால. அதுவரைக்கும் நான் சாகமாட்டேன்” என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

முதலில் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று காத்திருந்தாள். அவனுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. புதுக் கூரைத் தகரம் போட்டான், மோட்டார் சைக்கிள் எடுத்தான், கோயில் கமிட்டியில் பொருளாளர் ஆனான். அம்மன் மறந்துவிட்டாளா, வேறு தோட்டத்தில் வேலையாக இருக்கிறாளா என்று நானே கேட்டிருக்கிறேன். அக்கா கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனாள்.

களவுக்கு அவளிடம் சாட்சி இல்லை. ஒட்டுப்பாலை யாரிடமிருந்து வாங்கினார் என்பது வியாபாரி பளீல் முதலாளிக்குத் தெரியும். அவர் அதை அக்காவிடம் ஒளிக்கவுமில்லை. “நாகலிங்கந்தான் குடுத்தான் தங்கச்சி. ஆனா சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. நான் வாயத் தொறந்தா ஒரு தோட்டத்துலயும் எனக்குச் சாமான் தரமாட்டாங்க” என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் அக்கா களவை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் கேஸ் போட்டாள். அவன் நாய் இவள் கோழியைக் கடித்தது ஒரு கேஸ். அவன் வீட்டுக் கழிவுத் தண்ணீர் லயத்து வாசலுக்கு வந்தது ஒரு கேஸ். அவன் ரம்புட்டான் மரத்துக் கிளை, அவன் ரேடியோ, அவன் மோட்டார் சைக்கிள் புகை, ஒவ்வொன்றும் ஒரு கேஸ்.

இந்த மாதிரிச் சின்னத் தகராறுகளைப் பொலிசில் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். டவுன் பள்ளிக்கூடமொன்றில் சனிக்கிழமை கூடும். நாகலிங்கம் ஒவ்வொரு தடவையும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போய், குழந்தைகள் உட்காரும் குட்டி வாங்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பேர் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அக்காவுக்கு ஜெயிக்கிற ஆசையே இல்லை. அவன் அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற ஆசைதான். நானும் ஒருமுறை துணைக்குப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், சினிமாவுக்குப் போனது மாதிரி இருந்தது.

சபையில் இருந்த வயதான ஐயா ஒருவர் சலித்துப்போய், உண்மையில் உனக்கு என்னதான் வேண்டும் மகளே என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா சிங்களத்திலேயே, பிசிறில்லாமல், பதில் சொன்னாள். இந்த மனுஷன் எங்கள் கோயிலில் இன்னொரு தடவை சூடம் அணைக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். அது எங்கள் கையில் இல்லையே என்று ஐயா சிரித்தார். நாகலிங்கம் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைப் பார்த்தான். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவன் பயந்துகொண்டிருக்கிறான் என்று.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன மழைக்கு நாகலிங்கம், வெள்ளம் நின்ற வடிகால் கானில் வெறுங்காலோடு இறங்கி மண் அள்ளினான். பிறகு காய்ச்சல். பிறகு கண் மஞ்சள், மூத்திரம் போகவில்லை. எலிக்காய்ச்சல் என்று கரவனெல்லயில் வார்டில் போட்டார்கள். “சீரியஸ் கேஸாம்” என்ற செய்தி அவன் பெட்டில் படுப்பதற்கு முன்னாலேயே தோட்டத்துக்கு வந்துவிட்டது. எலி என்று டாக்டர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. சூடம் பிடித்துவிட்டது என்றார்கள். கன்னையா மட்டும் யாரையும் பார்க்காமல் திரிந்தார்.

மறுநாள் காலையில் நாகலிங்கத்தின் மனைவி இராஜம் எங்கள் லயத்துக்கு வந்தாள். அக்காவின் வாசலில் அப்படியே விழுந்து காலைப் பிடித்தாள்.

“அக்கா, உங்க கையால ஒரு வாய் தண்ணி குடுத்து, விட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு உங்க பேரத்தான் பொலம்புறாரு.”

அநியாயம் செய்யப்பட்டவர் தன் கையால் தண்ணீர் கொடுத்து ‘விட்டேன்’ என்று சொன்னால் சத்தியத்தின் பிடி இளகும் என்பது எங்கள் நம்பிக்கை. கொடுத்துவிடுவாளோ என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அக்கா குளித்து, நல்ல புடவை கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

நோயாளிகளைப் பார்க்கும் மத்தியான நேரம். அவன் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியும் திருநீறுமாக நின்ற ஆள், உரித்த கோழி மாதிரிக் கிடந்தான். அக்காவைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தான்.

“நாந்தான் தங்கச்சி எடுத்தேன். சாக்க உன் கூட்டுக்குப் பின்னால வச்சதும் நாந்தான். விட்டுரு தாயி.”

“இங்க சொன்னா இந்தக் கட்டிலுங்களுக்குத்தான் கேக்கும்” என்றாள் அக்கா. அவள் எப்போதும் அவனிடம் ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவாள். அந்த மரியாதை கேட்கிறவன் தோலை உரிக்கும். “தண்ணி குடுக்க நான் வரல. நீங்க சாகக்கூடாது. அதச் சொல்லத்தான் வந்தேன். இப்ப செத்துட்டா எனக்கு யாரு பதில் சொல்றது? டாக்டர்மார் குடுக்குற மருந்த ஒழுங்காக் குடிங்க. எந்திரிச்சி நடந்து கோயிலுக்கு வாங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் வேலை முடிந்து, அவனுக்கு அரிசிக் கஞ்சி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவன் வாயை மூடிக்கொண்டால், “தொறங்க” என்பாள். மாத்திரையை விழுங்கிவிட்டானா என்று நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். தாதிமார் அவளை அவன் கூடப்பிறந்தவள் என்று நினைத்து, இப்படிப்பட்ட தங்கைகள் இந்தக் காலத்தில் எங்கே என்று புகழ்ந்தார்களாம். அக்கா அதைத் திருத்தவில்லை. தோட்டத்தில் சிலர், கோகிலா மனசு இளகிவிட்டாள் என்று கண் கலங்கினார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சண்டைக்கு விடும் சேவலுக்கும் நாங்கள் நல்ல தீனிதான் போடுவோம்.

அவன் பிழைத்தான். டாக்டர்மாரின் மருந்து, அக்காவின் கஞ்சி. வீட்டுக்கு வந்து சதை போட்டதும் பழைய புத்தியும் வந்தது. காய்ச்சல் வந்தது, மருந்து குடித்தேன், போயிற்று, இதில் சூடம் எங்கே வந்தது என்று கடையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். வார்டில் சொன்னது காய்ச்சல் வேகத்தில் உளறியது என்றான். இதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. அக்காவிடம் ஓடிவந்து சொன்னேன்.

“பேசட்டும். திருவிழா வருதில்ல” என்று வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

பால்குடத்தன்று கோயில் நிறையக் கூட்டம். வெளியே வேலைக்குப் போன பிள்ளைகள் வந்திருந்தார்கள். கிராமத்துச் சிங்கள ஆட்கள், பால் ஸ்டோர் ஆட்கள், காவல் வாச்சர்மார் எல்லாரும் வழக்கம்போல வந்து நின்றார்கள். பூசை முடிந்து கன்னையா மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா படி ஏறினாள்.

“தலைவரே, அத இப்படித் தாங்க” என்று மைக்கை வாங்கினாள். அவர் கொடுக்க நினைத்தாரா என்று தெரியாது. அது அவள் கையில் இருந்தது.

“அந்த வெள்ளிக்கெழம நான் இந்தப் படிக்குக் கீழ நின்னேன். ஏன் ஏறலன்னு கேட்டீங்க. நான் பேசல. பயந்துட்டான்னு முடிவு பண்ணிட்டீங்க. அன்னைக்கு நான் வீட்டுக்குத் தூரம். இங்க நிக்கிற பொம்பளைங்க எல்லாத்துக்கும் அது தெரியும்.”

ஸ்பீக்கரில் அது லயத்துக்கு லயம் போய் எதிரொலித்தது. ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிலத்தைப் பார்த்தார்கள். பெண்களும்தான்.

“இப்ப எனக்கு அது நின்னு போச்சு. இனி வருசம் பூரா எந்த நாளும் இந்தப் படி ஏறலாம். சூடத்தக் கொண்டாங்க.”

பூசாரி தயங்கினார். வெற்றிலையும் சூடமும் நான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா கொளுத்தினாள். “ஒட்டுப்பால நான் எடுக்கல. எடுத்திருந்தா என் கண்ணு ரெண்டும் போகட்டும்” என்று சொல்லி உள்ளங்கையால் அடித்தாள். பிறகு இன்னொரு வெற்றிலையை விரித்தாள், இன்னொரு சூடத்தை வைத்துக் கொளுத்தினாள், நகர்ந்து நின்றாள்.

“பொருளாளர் ஐயா வாங்க. போன தடவ சொன்னதையே சொல்லுங்க. ஒரு எழுத்தும் மாத்த வேணாம்.”

கூட்டம் விலகி வழிவிட்டது. வழிவிட்டபின் வராமல் இருக்க முடியாது. நாகலிங்கம் வந்து சூடத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். கையை நீட்டினான், இழுத்துக்கொண்டான். சூடம் எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி நீட்டினான். மேளக்காரர்கள்கூட மூச்சு விடாமல் பார்த்தார்கள். சூடம் எரிந்து முடிந்து, வெற்றிலை கருகி, தானாக அணைந்தது. அவன் கை மடியிலேயே கிடந்தது.

“நாந்தான் எடுத்தேன்” என்றான்.

“கேக்கல. சத்தமா.” அக்கா மைக்கை அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

“நாந்தான் எடுத்தேன். கோகிலா எடுக்கல. சாக்கக் கொண்டுபோய் அங்க வச்சது நான்.”

“இப்ப சிங்களத்துல சொல்லுங்க. என்னைய ஹொரின்னு கூப்பிட்டது சிங்களத்துலதான?”

அவன் தலையைத் தூக்கி ஸ்டோர் ஆட்களைப் பார்த்தான். “கோகிலா ஹொரகம் களே நே” என்றான், கோகிலா களவெடுக்கவில்லை என்று. நிறுத்தினான். மைக் நகரவில்லை. “ஹொரகம் களே மம.” களவெடுத்தவன் நான் என்று. சொல்லிவிட்டு அழுதான். நான் சந்தோஷப்பட்டேன். மனசு நிறைந்தது. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கன்னையா வந்து கும்பிட்டார். அக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை. இராஜம் ஒரு செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

“சொல்லிட்டாரு அக்கா. எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டாரு. இப்ப இத அவருக்கு உங்க கையால குடுத்து, விட்டேன்னு சொல்லிருங்க.”

அக்கா செம்பை வாங்கினாள். எல்லாரும் பெருமூச்சு விடத் தயாரானார்கள். அவள் அந்தத் தண்ணீரில், சூடம் அணைத்த தன் கையைக் கழுவினாள். செம்பு காலியாகும் வரைக்கும் நிதானமாகக் கழுவி, அதை இராஜத்திடம் திருப்பிக் கொடுத்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு வந்தது எலிக்காய்ச்சல். அவருதான கடையில உக்காந்து சொன்னாரு, அது நெசந்தான். டாக்டர்மார் நல்லாக்கிட்டாங்க. பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் இன்னும் ஒண்ணும் செய்யல, இராஜம். எம் மகளுக்குப் போன காலத்த யாரும் திருப்பித் தரல. நான் மட்டும் ஏன் விடணும்?”

சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டுப் படி இறங்கினாள். கூட்டம் கலைந்தபின்னும் நாகலிங்கம் அந்தக் கருகின வெற்றிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். இராஜம் கூப்பிட்டும் அவன் எழும்பவில்லை.